பின் ஷாப்ட் காணாமல் போன ஆவணி

பின் சக்கரத்துக்குப் போகிற ஷாப்ட்டைக் கழற்றி ஒளித்துவைத்துவிட்டால் மகள் அந்தமானுக்குக் கப்பல் ஏற முடியாது என்று ராக்கப்பன் கண்டுபிடித்தது, ஆவணி பிறந்த முதல் வாரத்தில். கண்டுபிடித்ததும் தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை. பெருமை வந்த கையோடு அழுகையும் வந்தது. நல்லவேளை, ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். யாரும் பார்க்கவில்லை.

அவர் போட்ட கணக்கு இதுதான். மருமகன் வீரபாண்டிக்கு அந்தமானில் மரம் அறுக்கிற மில்லில் வேலை. லீவு போட்டு வந்து வைகாசியில் வேலுத்தாயைக் கட்டினான். ஆடி பிறந்ததும் வழக்கப்படி புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. ஆடி முடிந்தது, லீவும் முடிந்தது, இதோ கூட்டிப்போக வந்து நிற்கிறான். மதராஸில் கப்பல். கப்பலைப் பிடிக்க மதுரைக்குப் போகணும். மதுரைக்குப் போக போடியில் சாயங்கால ரயிலைப் பிடிக்கணும். அந்த ரயிலைப் பிடிக்க சாந்தன்பாறையிலிருந்து மலை இறங்கியாகணும். இறங்க ராக்கப்பனின் ஜீப்பை விட்டால் வேறு கதி கிடையாது. மழையில் ரோடு அரித்துப் போய் பஸ் நின்றுவிட்டது. ஏலக்காய்ப் பறிப்புக் காலம், மலையில் ஒரு ஜீப்பும் சும்மா நிற்காது.

ஜீப் கிளம்பாவிட்டால் கப்பல் போய்விடும். அடுத்த கப்பலில் இடம் கிடைக்க ஐப்பசி ஆகிவிடும் என்று வீரபாண்டியே சொல்லியிருந்தான். ஐப்பசியில் தீபாவளி. தலைதீபாவளிக்கு மகள் நம்ம வீட்டில், நம்ம கண்ணெதிரே, புதுச்சேலையோடு! ராக்கப்பனின் யோசனை அந்தச் சேலையோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் கப்பல் வருமே என்று அவர் யோசிக்கவே இல்லை. யோசிக்கப் பிடிக்கவில்லை.

இந்த மனுசன் தன் ஜீப்பில் தானே கை வைப்பதென்றால் அது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது சாந்தன்பாறைக்காரர்களுக்குத்தான் தெரியும். பட்டாளத்தில் ஓடிக் களைத்து ஏலத்துக்கு வந்த வண்டி அது. நாலு சக்கரமும் இழுக்கும். அதை அவர் பார்த்துக்கொண்ட மாதிரி எந்த ராசாவும் தன் யானையைப் பார்த்திருக்கமாட்டான். சனிக்கிழமை காலையில் தன் தலைக்கு எண்ணெய், சாயங்காலம் வண்டிக்குக் கிரீஸ். மழையா, திருவிழாவா, சொந்தத்தில் சாவா, சனிக்கிழமை தவறாது. அவர் அடியில் படுத்துக் கிரீஸ் கன்னின் மூக்கைப் பிடித்துக்கொள்வார். வெளியே குந்தி அதன் கைப்பிடியை அமுக்குவது மனைவி சுருளியம்மாளின் வேலை. அமுக்கும்போதே பாடமும் நடக்கும்.

"ஏ சுருளி, கேட்டுக்க. இஞ்சின் சுத்துறதச் சக்கரத்துக்குக் கொண்டுபோறது இந்த ஷாப்ட். முன் சக்கரத்துக்கு ஒண்ணு, பின் சக்கரத்துக்கு ஒண்ணு. பள்ளத்துல விழுந்து எந்திரிக்கும்போது சக்கரம் மேலயும் கீழயும் போகும்ல? அப்ப ஷாப்ட்டு நீளணும், சுருங்கணும். அதுக்குத்தான் ரெண்டு துண்டாச் செஞ்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு பல்லு வச்சுச் சொருகியிருக்கான். ஸ்ப்ளைன்னு பேரு."

"ம்."

"பல்லுல கிரீஸ் இருந்தா வழுக்கிக்கிட்டுப் போயிட்டு வரும். காஞ்சு போச்சுன்னா கவ்விப் பிடிச்சுக்கும். நீள வேண்டிய நேரத்துல நீள விடாமப் பிடிச்சா என்னாகும்?"

"ம்."

"ஒடிஞ்சு போகும்டி!"

"ம்."

கல்யாணமான நாளிலிருந்து இதே பாடம், இதே 'ம்'. இவள் காதில் வாங்குவதே இல்லை என்று ராக்கப்பன் முடிவு கட்டியிருந்தார். வாழ்க்கையில் அவர் செய்த பெரிய தப்பு அதுதான்.

வருசத்துக்கு ஒருதரம் ஆயுத பூசைக்கு முந்தி ரெண்டு ஷாப்ட்டையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பல்லைத் துடைத்து மறுபடி சொருகுவார். சொருகும்போது ரெண்டு துண்டிலும் செதுக்கியிருக்கிற அம்புக்குறி நேருக்கு நேர் நிற்கணும். மாறிப்போனால் வண்டி நடுங்கும். குறியோ நூல் மாதிரி மெல்லிசு, அவருக்கோ பார்வை மங்கல். குட்டியூண்டு பிள்ளையாக இருந்தபோதே வேலுத்தாய் தவழ்ந்து வண்டிக்கடியில் வந்து, "இந்தாருக்குப்பா அம்பு!" என்று விரல் வைப்பாள். அந்த விரல் இருந்ததால்தான் அவர் இன்றுவரை கண்ணாடி போடவில்லை.

சரி, இந்தக் கிரீஸ் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. வேலுத்தாய்க்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பையன் இருந்தான். நடை பழகுகிற வயசு. காய்ச்சல் கண்டு கண்ணு சொருகிவிட்டது. அப்போது ராக்கப்பன் ஒரு ஏலத்தோட்டத்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டத் தெரியும், வண்டியைத் தெரியாது. பிள்ளையை மடியில் போட்டுச் சுருளியம்மாள் உட்கார்ந்திருக்க, போடி ஆஸ்பத்திரிக்கு இறங்கும்போது மலைச்சாலை வளைவு ஒன்றில் ஷாப்ட்டின் பல் பிடித்து, முறுக்கி, ஒடிந்தது. வண்டி நின்றது. எதிரே ஒரு வண்டி வரவில்லை, பின்னாலும் வரவில்லை. பிள்ளை அங்கேயே, அவள் மடியிலேயே போய்விட்டான். கழற்றிப் பார்த்தபோது பல்லில் ஒரு சொட்டுக் கிரீஸ் இல்லை. யாரும் வைக்கவில்லை. வைக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்துதான் சனிக்கிழமை.

அப்படிப்பட்ட மனுசன், பயணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், பெண்டுகள் ரெண்டு பேரும் மாப்பிள்ளையோடு சாமி கும்பிடப் பூப்பாறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பின் ஷாப்ட்டைக் கழற்றினார். கழற்றும்போது வண்டியைத் தடவி, "கோவிச்சுக்காத" என்று சொன்னார். நட்டு போல்ட்டை ஒரு பழைய மூக்குப்பொடி டப்பாவில் போட்டு அடுப்படிப் பரணில் வைத்தார். ஷாப்ட்டை எங்கே ஒளிப்பது? ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் சூட்டைக் கொண்டுபோகிற இரும்புக் குழாய்கள் உண்டு. கழற்றிப்போட்ட பழைய குழாய்கள் ஸ்டோருக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்தன. குழாய்களுக்கு நடுவே குழாயோடு குழாயாகச் சொருகிவிட்டார். நின்று பார்த்தார். சாமி சத்தியமாகக் கண்டுபிடிக்க முடியாது.

சாயங்காலம் மூவரும் திரும்பினார்கள். ராக்கப்பன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அதற்கு நடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"என்ன மாமா, ஒரு மாதிரியா இருக்கீக?" என்றான் வீரபாண்டி.

"மோசம் போயிட்டோம் மாப்ள. பின் ஷாப்ட்டுல பல்லு தேஞ்சுபோச்சு. வழுக்குது. மொக்கையன் போடிக்குப் போனான், வர்க்‌ஷாப்புல குடுக்கச் சொல்லி அவன்கிட்டக் குடுத்துவிட்டேன். வர நாலஞ்சு நாளாகும்."

"ஐயையோ, கப்பலு?"

"நம்ம கையில என்னய்யா இருக்கு?"

பல்லு தேய்ந்தது என்று சொல்லும்போது ராக்கப்பனுக்கு நாக்கு கூசியது. கொலை செய்தேன் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது. சுருளியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நம்ம வண்டியிலயா? பல்லா?"

"ஏன், நம்ம வண்டிக்கு மட்டும் வயசாகாதா?"

"ம்."

வேலுத்தாய் ஜன்னல் கண்ணாடி முன்னால் நின்று சாந்துப் பொட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள். போடிக்குப் போகிறபோதெல்லாம் மகளுக்கென்று சாந்துப் பொட்டு பாட்டில் வாங்கிவருவது அப்பன் வழக்கம். குங்குமம் இருக்க இது என்ன செவப்பு மையி என்று ஒவ்வொரு தடவையும் வைவது ஆத்தா வழக்கம்.

"ரொம்பவாப்பா தேஞ்சிருச்சு?" என்று கேட்டாள்.

"ஆமாத்தா." அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அம்பு தெரிஞ்சதா?"

"அது எங்க தெரியுது..."

அவள் அடுப்புக்கு விறகு எடுக்க ஸ்டோர்ப் பக்கம் போய்விட்டாள்.

ராத்திரி ராக்கப்பன் நன்றாகத் தூங்கினார். பாவி மனுசன், தலைதீபாவளிக் கனவுகூட வந்தது.

விடிந்து பார்த்தால் வாசலில் டிரங்குப் பெட்டி நிற்கிறது. அரிசி மூட்டை நிற்கிறது. ஊறுகாய் ஜாடி வாய் கட்டி நிற்கிறது. வேலுத்தாய் பயணத்துக்குச் சேலை கட்டி நிற்கிறாள்.

"என்ன இது? வண்டிதான் ஓடாதுன்னேனே!"

"வச்சிருக்கோம், அவ்வளவுதான். மூட்ட தானா நடந்து போகப்போகுதா?" என்றாள் சுருளியம்மாள்.

அந்த நேரம் பார்த்து வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரிய வயிறும் அதற்குப் பின்னால் மொக்கையனும் வந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரன். "புள்ள கெளம்புதாமே, பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றான் பல்லெல்லாம் தெரிய.

ராக்கப்பன் குறுக்கே போய் நிற்பதற்குள் வீரபாண்டி ஓடிப்போய், "அண்ணே, அதுக்குள்ள போடியிலருந்து வந்துட்டீகளா? ஷாப்ட்டு என்னாச்சு?" என்றான்.

"போடியா? நான் எப்ப போடி போனேன்?"

சுருளியம்மாள் முறத்தைத் தட்டிக்கொண்டே, "இவரில்ல மாப்ள. அது பூப்பாறை மொக்கையன். இந்த மலையில மொக்கையனுக்கா பஞ்சம்?" என்றாள்.

அப்பாடா! ராக்கப்பன் மூச்சு விட்டார். பைத்தியக்காரி, தெரியாமலே நம்மைக் காப்பாற்றிவிட்டாள் என்று உள்ளுக்குள் சிரிப்பு வேறு. மூச்சு விட்டதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அப்ப மொதலாளி யாருகிட்டயாவது ஜீப்பு கேட்டுப் பாக்கலாமா மாமா?" என்று வீரபாண்டி தலையைச் சொறிந்தான்.

"கெடைக்காது மாப்ள. பறிப்பு நேரம்."

சுருளியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "ஏங்க, எனக்கொண்ணும் தெரியாது, தப்பா இருந்தா வையாதீக. முன் சக்கரத்துக்குத்தான் தனியா ஒரு ஷாப்ட்டு இருக்குல்ல? உள்ள ஒரு குட்டிக் கம்பி இருக்கும். அதத் தள்ளிவிட்டா முன் சக்கரம் இழுக்காதா?"

ராக்கப்பன் வெடுக்கென்று திரும்பினார். "இழுக்... அதெல்லாம் உனக்கெதுக்குடி?"

"இழுக்குமா மாமா?" என்றான் வீரபாண்டி.

"இழுக்கும்... ஆனா, இந்த மலையில முன் சக்கரத்த மட்டும் நம்பி..."

"அதுவும் சரிதான்," என்றாள் சுருளியம்மாள். குரலில் அப்படி ஒரு பரிதாபம். "வேணாம் மாப்ள. பின்னாடி பல்லு தேஞ்ச வண்டியில முன்னாடி மட்டும் நல்லாவா இருக்கும்? இவருக்கும் வயசாகிப் போச்சு. குனிஞ்சு நிமுந்து பாக்க முடியல. கிரீஸ் வச்சாரோ வைக்கலையோ, யாரு கண்டா?"

மொக்கையன் 'உச்' கொட்டினான். அந்த 'உச்' தான் ராக்கப்பன் மண்டையில் ஏறியது.

"எவடி சொன்னது? ஏ, எவ சொன்னது? முன் ஷாப்ட்டுல பல்லு தேஞ்சிருக்கா? நான் வச்ச கிரீஸ்டி! ஒரு சனிக்கிழம விட்டிருக்கேனா? போடி என்னடி போடி, மதுரை வரைக்கும் இழுக்கும்! கன்னியாகுமரி வரைக்கும் இழுக்கும்!"

சொல்லி முடித்தபிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

"அப்பக் கெளம்புங்க," என்றாள் சுருளியம்மாள்.

முன் சக்கரம் பிடித்து இழுக்க முன்பக்கம் கனம் வேணும். டிரங்குப் பெட்டியை பானெட் மேல் ஏற்றிக் கட்டினார்கள். அரிசி மூட்டையைக் கட்டினார்கள். அப்புறம் எல்லாரும் மொக்கையனைப் பார்த்தார்கள். போடியில் தங்கச்சி வீடு இருக்கிறது என்று வாயை விட்டிருந்தான். அவனையும் ஏற்றிக் கட்டாத குறையாக உட்காரவைத்தார்கள். இந்த ஜாதி ஜீப்பில் ஹேண்ட் பிரேக்கும் பின் ஷாப்ட்டோடுதான் வேலை செய்யும். அது இல்லாததால் வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் குதித்துச் சக்கரத்துக்கு அண்டைக் கல் வைக்கிற பொறுப்பும் அவனுக்கே. மடியில் ஒரு பாறாங்கல்லைக் கட்டிப்பிடித்தபடி மொக்கையன் மூஞ்சியைக் காற்றுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து போடிமெட்டு செக்போஸ்ட்டில் நின்ற மலையாளத்துக் காவலர், "இது எந்தா, சர்க்கஸ்ஸா?" என்று கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். வேலுத்தாய் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராக்கப்பன் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

வண்டி துரோகமே செய்யவில்லை, அதுதான் கொடுமை. ஏற்றத்தில் முனகும், சேற்றில் ஒரு சுற்றுச் சுற்றும், உடனே பிடித்து இழுத்துவிடும். முன் ஷாப்ட்டின் பல் வெண்ணெயில் போகிற மாதிரி நீண்டு சுருங்கி நீண்டு சுருங்கிப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் பிடியேன், ஒரு இடத்தில் ஒரு தடவை பிடியேன் என்று அவர் மனசுக்குள் கெஞ்சினார். பிடிக்கவில்லை. அத்தனை வருசத்துக் கிரீஸ்.

இறக்கத்தில் அந்த வளைவு வந்தது. எப்போது அந்த வழி போனாலும் சுருளியம்மாள் இறங்கி ரோட்டோரக் கல்லில் ஒரு பூ வைத்துவிட்டுத்தான் ஏறுவாள். ராக்கப்பன் பிரேக்கை மிதிக்கப் போனார்.

"நிறுத்த வேணாம்," என்றாள். "ஹேண்ட் பிரேக்கு இல்ல. சரிவு. போங்க."

தலையிலிருந்த பூவை எடுத்து, ஓடுகிற வண்டியிலிருந்தே கல்லைப் பார்த்து எறிந்தாள். பூ கல்லில் படவில்லை. சேற்றில் விழுந்தது. ராக்கப்பன் அதைப் பார்த்தார். செத்துப்போன பிள்ளைக்கு ஒரு பூ வைக்க விடாமல் செய்துவிட்டோமே என்று அவருக்கு ஸ்டியரிங்கிலேயே முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

போடிக்குள் நுழைந்ததும் வீரபாண்டி நல்ல பிள்ளையாக, "மாமா, வர்க்‌ஷாப்பு எங்கருக்கு? ஷாப்ட்ட ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிரலாமா?" என்றான்.

"ரயிலு வந்துரும் மாப்ள," என்றாள் சுருளியம்மாள். "ஷாப்ட்டு எங்கயும் போகாது."

ரயில் வந்தது. சாமான்கள் ஏறின. மாப்பிள்ளை ஏறினான். வேலுத்தாய் ஆத்தாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு அப்பனிடம் வந்தாள். ராக்கப்பன் கையெல்லாம் கிரீஸ். சேலையில் பட்டுவிடும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவளே அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"கண்ணாடி போட்டுக்கங்கப்பா. அம்பு தெரியாம மாத்தி மாட்டிராதீக."

"சரித்தா."

"சனிக்கிழம மறந்துராதீக."

"மறக்கமாட்டேந்தா. நீ தலதீபாவளிக்கு..." என்று ஆரம்பித்தார். அதற்குள் ரயில் ஊதிவிட்டது.

கன்னத்தில் கறுப்புக் கிரீஸோடு ஜன்னலில் அவள் கையாட்டிக்கொண்டே போனாள்.

மொக்கையன் கல்லை வண்டியில் போட்டுவிட்டுத் தங்கச்சி வீட்டுக்குத் தப்பித்தான். புருசனும் பெண்டாட்டியும் மட்டும் திரும்பினார்கள். சமதரையில் வண்டி ஓடியது. மலையடிவாரத்தில், முந்தலில், ஏற்றம் ஆரம்பிக்கிற இடத்தில் சுருளியம்மாள், "நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினார். அவளே இறங்கி அண்டைக் கல் வைத்தாள்.

"முன்னாடி கனம் இல்லாம இந்த வண்டி மலையேறாது. சீட்டுக்கடியில இருக்கு. எடுத்து மாட்டுங்க."

"எது?"

"ம்?"

ராக்கப்பன் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். துணி சுற்றிய நீளமான ஒரு பொட்டலம். தொட்டதும் தெரிந்துவிட்டது. அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்படித் தெரியும்?"

"அடுக்குல கெடக்குற குழா எல்லாம் துரு. நடுவுல ஒண்ணு மட்டும் பளபளன்னு இருந்தா எந்தக் குருட்டுக்கும் தெரியும். உங்க கை பட்டது ஒளிக்க முடியுமா?"

"நட்டு?"

முந்தானை முடிச்சை அவிழ்த்து மூக்குப்பொடி டப்பாவை நீட்டினாள். "நம்ம வீட்டுல யாரு பொடி போடுறா?"

ராக்கப்பன் டப்பாவை வாங்கிக்கொண்டார். பிறகு, "தெரிஞ்சும் ஏன் அங்கயே மாட்டச் சொல்லல?" என்றார்.

"எல்லாரும் பாக்க உங்கள மாட்டச் சொல்லவா? மாப்ள முன்னால நீங்க அசிங்கப்படவா?" அதுவரை மலை மாதிரி இருந்தவளுக்குக் குரல் உடைந்தது. "ஏங்க, வண்டி நின்னதாலதான ஒரு புள்ளையப் பறிகுடுத்தோம். அதே மாதிரி வண்டிய நிப்பாட்டி இன்னொரு புள்ளையப் பிடிச்சு வச்சுக்கவா பாத்தீக? எனக்கு மட்டும் ஆசையில்லையா? நேத்து அந்த ஷாப்ட்டத் தூக்கிட்டுப் போயி ஆத்துல போட்டுருவமான்னு நானும்தான் நெனச்சேன். நீங்க சொன்னதுதான் ஞாபகம் வந்துச்சு. நீள வேண்டிய நேரத்துல நீள விடாமப் பிடிச்சா என்னாகும்?"

"ம்," என்றார் ராக்கப்பன்.

"ஒடிஞ்சு போகும்."

"ம்."

மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார். பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கடியில் போய் மல்லாந்து படுத்தார். போகட்டும், பெண்டாட்டியிடம் மானம் போனால் போகட்டும். அது புதுசா என்ன? மகளுக்குத் தெரியாமல் போச்சே, அந்த மட்டும் சாமி காப்பாற்றிவிட்டது. அவளுக்கு அப்பன் இன்னும் பழைய அப்பன்தான். இந்த நினைப்பில் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"சுருளி, புள்ளைக்குத் தெரியாதுல்ல?"

சுருளியம்மாள் 'ம்' சொல்லவில்லை.

துணியைப் பிரித்தார். வேலுத்தாய் கல்யாணத்துக்கு முன்னால் கட்டிக்கொண்டிருந்த நீலப் பாவாடை. அதற்கென்ன, வீட்டில் கிடந்த பழந்துணி என்று தள்ளிவைத்தார். ஷாப்ட்டில் பல்லெல்லாம் துடைத்துப் புதுக் கிரீஸ் வைத்திருந்தது. ரெண்டு துண்டையும் சொருக அம்புக்குறியைத் தேடினார். தேடவே வேண்டியிருக்கவில்லை. அந்த மங்கல் கண்ணுக்கும் பளிச்சென்று தெரிந்தது. ஒரு துண்டில் அம்பு மேல் சிவப்பாக ஒரு பொட்டு. மறு துண்டில் அம்பு மேல் அதே அளவில் இன்னொரு பொட்டு. குங்குமமாக இருந்தால் உதிர்ந்திருக்கும். இது சாந்து. ஒட்டிக் காய்ந்திருந்தது.

வீட்டில் சாந்துப் பொட்டு வைக்கிறவள் ஒருத்திதான்.

ராக்கப்பன் ரெண்டு பொட்டையும் நேருக்கு நேர் நிறுத்திச் சொருகினார். அதற்கு மேல் அவர் கை ஓடவில்லை. வண்டிக்கடியிலிருந்து முதலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது, அப்புறம் அதையும் மீறி ஒரு சத்தம் வந்தது.

வெளியே குந்தியிருந்த சுருளியம்மாள் கிரீஸ் கன்னை உள்ளே நீட்டினாள்.

"நட்ட முறுக்குங்க. பல்லுல தண்ணி பட்டா துருப்பிடிச்சிரும்."